முதலாண்டு மாணவருக்குக் கைச்செலவுப் பணம்: மாதமா, வாரமா, கேட்கும்போதா?

என் மகன் 2022-ல் பொறியியல் படிக்கச் சென்னைக்குப் போனான். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது வாசலில் அவன் கழற்றிப் போட்ட செருப்பைப் பார்த்தேன். இடது செருப்பின் வார் அறுந்து, அதை ஓர் ஊக்கால் குத்தி இணைத்திருந்தான். ஊக்கின் முனை காலில் குத்தாமல் இருக்க மேலே பிளாஸ்திரி ஒட்டியிருந்தான். அந்தப் பிளாஸ்திரி கறுத்துப் போயிருந்த விதத்திலேயே அது பல நாள் உழைத்திருக்கிறது என்று தெரிந்தது. “ஒரு செருப்பு வாங்கக் கூடாதா?” என்றேன். “அந்த வாரம் ஏற்கெனவே இரண்டு தடவை பணம் கேட்டுவிட்டேன் அம்மா” என்றான்.

பணம் இல்லை என்று நாங்கள் அவனிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. நான் அரசுப் பள்ளி ஆசிரியை. என் கணவர் சிவகாசியில் சிறிய அச்சகம் வைத்திருக்கிறார். கேட்டால் அனுப்பக்கூடிய நிலையில்தான் இருந்தோம், கேட்ட ஒவ்வொரு முறையும் அனுப்பினோம். அப்படியும் பிள்ளை ஊக்கு குத்திய செருப்போடு நடந்திருக்கிறான். எவ்வளவு கொடுப்பது என்று மட்டுமே யோசித்த நாங்கள், எப்படிக் கொடுப்பது என்று யோசிக்கவே இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அதன் பிறகு அவனுக்கே வேறு முறையை மாற்றிப் பார்த்தோம். 2025-ல் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன மகளுக்கு இன்னொரு முறையைத் தேர்ந்தெடுத்தோம். விடுதியில் சேரும் பிள்ளைக்குக் கைச்செலவுப் பணம் கொடுக்கும் வழிகளில் எது எப்படி நடக்கிறது என்பதை எங்கள் அனுபவத்தையும் என்னோடு வேலை பார்ப்பவர்களின் அனுபவத்தையும் வைத்து இங்கே ஒப்பிடுகிறேன்.

கேட்கும்போது அனுப்புவது

இன்று பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். யுபிஐ வந்த பிறகு இதைப்போல் எளிதான வழி வேறில்லை. பிள்ளை “அப்பா, 300 ரூபாய்” என்று செய்தி அனுப்புகிறது. அப்பா கடையில் நின்றபடியே அனுப்பிவிடுகிறார். முன்கூட்டித் திட்டமிட வேண்டியதில்லை. பிள்ளை கையில் பெரிய தொகை இருக்குமே என்ற கவலையும் இல்லை. முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்றே சொல்வேன். விடுதியில் வாளி வாங்குவது முதல் வரைகருவி வாங்குவது வரை எது எப்போது வரும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

அதற்கு மேல் இதைத் தொடர்வதில் இரண்டு கேடுகள் உள்ளன. முதலாவது, மொத்தம் எவ்வளவு போகிறது என்பது இரு தரப்புக்குமே தெரியாது. முதல் பருவம் முடிந்ததும் என் கணவரின் வங்கிக் கணக்கை எடுத்து உட்கார்ந்து கூட்டினேன். ஐந்து மாதங்களில் 33 முறை அனுப்பியிருந்தார். மொத்தம் 22,400 ரூபாய். நான் மனத்தில் வைத்திருந்த கணக்கு ஏறக்குறைய 15,000. மகனிடம் கேட்டேன். அவன் சொன்னது பன்னிரண்டாயிரம். யாரும் பொய் சொல்லவில்லை. துண்டு துண்டாகப் போகும் பணம் யார் நினைவிலும் தங்குவதில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது கேடு பெரிது. ஒவ்வொரு செலவுக்கும் பிள்ளை வாய் திறந்து கேட்க வேண்டியிருக்கிறது. கூச்சம் இல்லாத பிள்ளை அடிக்கடி கேட்கும். கூச்சமுள்ள பிள்ளை எதைக் கேட்கலாம், எதை விடலாம் என்று மனத்துக்குள் தராசு வைத்து நிறுத்தும். அதில் நண்பர்கள் முன்னிலையில் மானம் காக்கும் செலவுகள் ஜெயித்துவிடுகின்றன. தனக்கு மட்டும் வேண்டியவை தோற்றுவிடுகின்றன. அந்த வாரம் என் மகன் இரண்டு முறை கேட்டது எதற்கு என்று பிறகு விசாரித்தேன். ஒன்று அறைத் தோழனின் பிறந்தநாள் கேக்குக்குப் பங்கு, இன்னொன்று துறைச் சட்டைக்கு. செருப்பு மூன்றாவதாக வந்தது. அதைக் கேட்க வாய் வரவில்லை.

மாதம் ஒரே தொகை

இரண்டாம் பருவத்தில் மகனுக்கு மாதம் 4,000 ரூபாய் என்று முடிவு செய்து முதல் தேதியில் அனுப்பத் தொடங்கினோம். சம்பளம் வாங்குகிற வீடுகளுக்கு இது இயல்பாகப் பொருந்தும். ஒரே முறை அனுப்பிவிட்டால் மாதம் முழுதும் தொல்லையில்லை. தன் பணம், தன் முடிவு என்ற நிமிர்வும் பிள்ளைக்குக் கிடைக்கிறது. அதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

முதல் மாதம் பணம் 17-ஆம் தேதி தீர்ந்தது. இரண்டாம் மாதம் 19-ஆம் தேதி. மீதி நாட்களை அறைத் தோழனிடம் கைமாற்று வாங்கி ஓட்டியிருக்கிறான், 1,500 ரூபாய். மூன்றாம் மாதம் பணம் வந்த அன்றே கடனை அடைத்ததில், மாதத்தை 2,500 ரூபாயோடு தொடங்க வேண்டியதாயிற்று. அதாவது பழைய மாதத்தின் பள்ளம் புது மாதத்துக்குள் நகர்ந்து வந்துவிட்டது. இந்தச் சுழலிலிருந்து அவன் வெளியே வந்தது நான்காம் மாதத்தில். வந்துவிட்டான் என்பதையும் சொல்ல வேண்டும். இன்று இறுதியாண்டில் அவன் கையைப் பிடித்துச் செலவு செய்வதற்கு அந்த மூன்று மாதங்களே பாடம் என்று அவனே சொல்கிறான்.

ஆனாலும் முதலாண்டில் சேர்ந்தவுடன் ஒரு பிள்ளைக்கு இந்தப் பாடம் வேண்டுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. பதினேழு வயது வரை பஸ் காசுக்கு மேல் கையில் வைத்திராத பிள்ளைக்கு 4,000 ரூபாய் என்பது எல்லையே இல்லாத தொகையாகத் தெரிகிறது. முதல் வாரத்தில் எல்லோர் கையிலும் பணம் இருப்பதால் வெளியே போவதும் விருந்து வைப்பதும் அப்போதே நடக்கின்றன. தவறு நடந்தது 7-ஆம் தேதி; அது தெரிவது 19-ஆம் தேதி. அதற்குள் எந்தச் செலவால் இப்படி ஆனது என்பதே மறந்துவிடுகிறது. அடுத்த முதல் தேதிக்கு இன்னும் பதினொரு நாட்கள் இருக்கின்றன.

அந்தப் பதினொரு நாட்கள்தான் எனக்குப் பயம். அறைத் தோழன் கொடுத்தால் சரி. இல்லையென்றால் செல்போனிலேயே ஐந்து நிமிடத்தில் கடன் தருகிறேன் என்று வரும் செயலிகள் இருக்கின்றன. டிஜிட்டல் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022-லேயே நெறிமுறைகள் வகுத்துவிட்டது. கடன் வாங்குபவரின் செல்போனில் உள்ள தொடர்பு எண்களைச் செயலிகள் தொடக் கூடாது என்பது அதில் ஒன்று. அந்த நெறிமுறைகளை மதிக்காத சட்டவிரோதச் செயலிகளிடம் சிக்கிய பிள்ளைகள்தான் பெற்றோருக்கும் உறவினருக்கும் மிரட்டல் அழைப்புகள் போவதைப் பார்த்துத் துடிக்கிறார்கள். எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் “பணம் தீர்ந்துவிட்டால் எங்களிடம் சொல், திட்ட மாட்டோம், செயலியில் மட்டும் வாங்காதே” என்ற ஒரு வாக்கியத்தை விடுதி வாசலில் பெட்டியை இறக்கி வைக்கும்போதே சொல்லிவிடுங்கள். சொன்னபடி திட்டாமலும் இருங்கள்.

வாரத் தொகை

மகளுக்கு இந்த முறையைத்தான் எடுத்தோம். சேர்ந்து மூன்று வாரம் கேட்கும்போது அனுப்பினோம். நான்காவது வாரம் செல்போனில் பேசிக்கொண்டே இருவரும் ஆளுக்கொரு தாளில் எழுதினோம். மாலைத் தேநீரும் சிற்றுண்டியும் ஒரு நாளைக்கு 25 வீதம் ஆறு நாளைக்கு 150 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை தோழிகளோடு வெளியே சாப்பிட 150. ஜெராக்ஸும் அச்சும் 60. பஸ், எப்போதாவது ஆட்டோவில் பங்கு, 80. பிறந்தநாள் வகையறா 60. எதிர்பாராததற்கு 100. ஆக 600 ரூபாய். இது எங்கள் மகளுக்கு, அவள் விடுதிக்கு, அந்தத் தெருவுக்கு வந்த கணக்கு. உங்கள் பிள்ளையின் கல்லூரி வாசலில் தேநீர் என்ன விலை என்று தெரிந்துகொண்டு நீங்கள் எழுத வேண்டும். கேட்க வேண்டிய ஆள் இரண்டாமாண்டு மாணவர். கல்லூரி அலுவலகம் அல்ல.

600-ஐ நான்கால் பெருக்கி மாதம் 2,400 என்று நினைத்துவிடக் கூடாது. ஆண்டுக்கு 52 வாரம். 31,200 ரூபாய் ஆகிறது. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 2,600. விடுமுறை வாரங்களைக் கழித்தால் குறையும்.

எந்தக் கிழமை அனுப்புவது என்பதும் சின்ன விஷயமில்லை. வெள்ளிக்கிழமை அனுப்பினால் சனி, ஞாயிறில் கரைந்து, புதன்கிழமை தேநீருக்கு இருக்காது. திங்கள் காலை அனுப்பினால், வார இறுதிக்கு வேண்டியதைப் பிள்ளை தானே மிச்சம் பிடிக்க வேண்டியிருக்கிறது. நாங்கள் திங்கள் என்று வைத்தோம். ஒவ்வொரு வாரமும் நினைவு வைத்து அனுப்பவும் தேவையில்லை; இந்த நாளில் இந்தக் கணக்குக்கு இவ்வளவு அனுப்பு என்று வங்கியிடம் நிலையான உத்தரவு கொடுத்துவிடலாம். இதில் எனக்குப் பிடித்தது, பணம் வருவதற்கு யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பது. நான் மறந்தாலும், என் கணவர் கோபத்தில் இருந்தாலும், திங்கள் காலை பணம் போய்விடும்.

அக்டோபரில் ஒரு வாரம் அவளுக்குப் பணம் புதன்கிழமையே தீர்ந்துவிட்டது. வேறொரு கல்லூரியின் கருத்தரங்குக்குப் பதிவுக் கட்டணம் 250 ரூபாய் கட்டியிருக்கிறாள், கூடவே ஒரு பிறந்தநாள். புதன் இரவு பேச்சுவாக்கில் சொன்னாள். எனக்குக் கை துடித்தது. 200 ரூபாய் அனுப்புவதில் என்ன இருக்கிறது? அனுப்பவில்லை. அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. அவள் அண்ணனின் செருப்புதான் கண்முன் நின்றது. மறுநாள் யோசித்தபோது இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பிடிபட்டது. அவனுக்கு இல்லாமல் போனது செருப்பு. இவளுக்கு நான்கு நாட்கள் இல்லாமல் போவது மாலைத் தேநீர். விடுதியில் மூன்று வேளைச் சாப்பாடு இருக்கிறது, சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் அங்கேயே சாப்பிடுவாள். தவறுக்கும் அதன் விளைவுக்கும் நடுவே இரண்டே நாள். விளைவுக்கும் அடுத்த பணத்துக்கும் நடுவே நான்கே நாள். அந்த அளவுக்குச் சின்னச் சறுக்கலைப் பிள்ளை தாங்கும்.

அடுத்த வாரத்திலிருந்து அந்த ‘எதிர்பாராதது 100’-ஐ அவள் தொடாமல் சேர்க்கத் தொடங்கினாள். நான் சொல்லவில்லை.

வார முறைக்கும் குறைகள் உண்டு. ஒரு வாரத் தொகைக்குள் அடங்காத எந்தப் பொருளையும் பிள்ளையால் தானே வாங்க முடியாது. நல்ல புத்தகம் ஒன்று, ஒரு ஜோடி காலணி, நண்பர்களோடு ஊட்டிப் பயணம் என்றால் மறுபடியும் கேட்கத்தான் வேண்டும். சற்று வளர்ந்த பிள்ளைக்கு வாரக் கூலி வாங்குவதுபோல் இருக்கிறது என்ற மனத்தாங்கலும் வரும், அது நியாயமானதே. அதனால்தான் முதல் பருவத்துக்கு வாரம், இரண்டாம் பருவத்துக்கு இரு வாரம், இரண்டாமாண்டிலிருந்து மாதம் என்று முதலிலேயே அவளிடம் சொல்லியிருந்தோம்.

எந்தச் செலவை இந்தப் பணத்தில் சேர்க்கக் கூடாது

முறையைவிட முக்கியமாக எனக்குப் படுவது இதுதான். குறைக்கக் கூடாத செலவு எதையும், பிள்ளை குறைத்துக்கொள்ளக்கூடிய பணத்தோடு கலக்கக் கூடாது. கை இறுகும்போது பிள்ளை முதலில் வெட்டுவது தோழர்கள் கண்ணில் படாததைத்தான். செருப்பு, மருந்து, கண்ணாடியின் உடைந்த சட்டம், மாதவிடாய் நாப்கின், சோப்பு, உள்ளாடை. இவற்றை வீட்டுக் கணக்கில் வைத்துவிட்டோம். நாப்கினும் சோப்பும் ஊருக்கு வரும்போது வாங்கிக் கொடுத்துவிடுகிறேன். மருந்துக்கும் செருப்புக்கும் அவள் வாங்கிவிட்டுச் சொன்னால் போதும், அன்றே பணம் போகும். அதில் கேள்வி கிடையாது.

படிப்புச் செலவும் அப்படித்தான். தேர்வுக் கட்டணம், ரெக்கார்டு நோட்டு, ஆய்வகக் கோட்டு, வரைகருவி எல்லாம் வீட்டுக் கணக்கு. அரசுக் கல்லூரி விடுதிகள் சிலவற்றில் மெஸ் செலவை மாதாமாதம் மாணவர்களுக்குள் பங்கிட்டுப் போடுவார்கள். ஒரு மாதம் கூடும், ஒரு மாதம் குறையும். அதைப் பிள்ளையின் கைப்பணத்திலிருந்து கட்டச் சொன்னால், கூடுகிற மாதத்தில் பிள்ளை தவித்துப் போகும்.

செல்போன் ரீசார்ஜ் பலரும் தவறவிடும் இடம். மாதத் திட்டம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் 28 நாள் திட்டம். ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை அல்ல, பதின்மூன்று முறை கட்ட வேண்டும். அதுவும் ஒவ்வொரு முறையும் தேதி முன்னால் நகர்ந்துகொண்டே வரும். மாத முறையில் பணம் வாங்கும் பிள்ளைக்கு ஏதோ ஒரு மாதத்தில் கடைசி வாரத்தில் வந்து விழும். நாங்கள் நீண்ட நாள் திட்டமாகப் பார்த்து வீட்டிலிருந்தே போட்டுவிடுகிறோம்.

ஊருக்கு வரும் டிக்கெட்டும் வீட்டுக் கணக்கில்தான் இருக்க வேண்டும். ரயில் முன்பதிவு முன்பு 120 நாட்களுக்கு முன் தொடங்கியது. 2024 நவம்பர் முதல் 60 நாள் என்று ஆகிவிட்டது. சென்னையிலிருந்து எங்கள் ஊருக்கு வரப் பொதிகை எக்ஸ்பிரஸ் டிக்கெட்டைப் பொங்கலுக்கு எடுக்க வேண்டுமென்றால், நவம்பர் நடுவில் காலை 8 மணிக்குச் செல்போனும் கையுமாக உட்கார வேண்டும். அந்த நேரத்தில் பிள்ளை கையில் டிக்கெட் பணம் இல்லையென்றால், பண்டிகை நேரத்து ஆம்னி பஸ்ஸுக்குப் பல மடங்கு கொடுக்க வேண்டி வரும். மகனுக்கு இரண்டாமாண்டில் அப்படி நடந்தது. மாதத் தொகையிலேயே டிக்கெட்டையும் சேர்த்துக்கொள் என்று சொன்ன தவறு எங்களுடையது.

வருமானம் ஒரே சீராக வராத வீடுகள்

இதுவரை சொன்னது மாதம் பிறந்தால் பணம் வரும் வீட்டுக்குப் பொருந்தும். எங்கள் வீட்டிலேயே பாதி வருமானம் அப்படியில்லை. சிவகாசியில் ஆடிப் பெருக்கன்று அடுத்த ஆண்டுக் காலண்டருக்கான மாதிரி ஆல்பம் வெளியிட்டால் மார்கழி வரை அச்சகத்தில் மூச்சுவிட நேரமிருக்காது. அதன் பிறகு இறக்கம். என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவரின் அண்ணன் மிளகாய் விவசாயி. அறுவடை முடிந்து சரக்கு விற்ற கையோடு மகனின் கணக்கில் ஒரு பருவத்துக்கான 20,000 ரூபாயை மொத்தமாகப் போட்டுவிட்டார். கையில் வைத்திருந்தால் உரத்துக்கும் கடனுக்கும் போய்விடும் என்ற கவலையில் செய்தது. அந்தக் கவலை உண்மையானது. ஆனால் பையன் கையில் அது இரண்டரை மாதம்தான் தாங்கியது.

இப்படிப்பட்ட வீடுகளுக்கு நான் சொல்வது, பிள்ளை பேரில் இரண்டு கணக்கு. ஒன்றில் மொத்தப் பணமும் இருக்கட்டும். அதற்கு யுபிஐ இணைப்பும் வேண்டாம், கார்டும் வேண்டாம். அதிலிருந்து வாரத் தொகை மட்டும் தானாக இரண்டாவது கணக்குக்குப் போகட்டும். பணம் குடும்பச் செலவில் கரையாமலும் இருக்கும், பிள்ளையிடம் ஒரே மூச்சில் போகாமலும் இருக்கும். இரண்டுமே குறைந்தபட்ச இருப்புத் தேவையில்லாத கணக்குகளாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அபராதத்திலேயே இரண்டு நாள் தேநீர் போய்விடும்.

தினக்கூலி வீட்டுப் பிள்ளைகளுக்கு அரசு தரும் உதவித் தொகை பெரிய ஊன்று. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் 2022 செப்டம்பர் முதல் வருகிறது. மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை 2024 ஆகஸ்ட் முதல். பணம் நேரே மாணவரின் வங்கிக் கணக்கில் விழுகிறது. என்னிடம் படித்துப் போன பிள்ளைகள் பலர் இதை வாங்குகிறார்கள். ஒருத்தி சொன்னாள், அந்த ஆயிரம் ஒவ்வொரு மாதமும் வீட்டுக்குக் காஸ் சிலிண்டருக்குப் போகிறது என்று. அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் பெற்றோர் கூட்டத்தில் நான் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்வது, முழுதும் எடுக்காதீர்கள், பாதியையாவது அவள் கையில் விடுங்கள். மாதம் 500 ரூபாய் தன் கையில் உள்ள பெண் ஜெராக்ஸ் கடையில் தயங்கி நிற்க மாட்டாள்.

வீட்டிலிருந்தே போய்வரும் மாணவர்களுக்கு நாள்தோறும் ஐம்பதோ நூறோ கொடுக்கும் வழக்கம் உண்டு. அவர்களுக்கும் வாரத் தொகையே மேல் என்பேன். சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமில்லை என்பதால் மாணவிகளுக்குப் போக்குவரத்துச் செலவும் பெரிதாக இல்லை.

நோட்டா, செல்போனா

பணம் எந்த உருவில் போக வேண்டும் என்பது இன்னொரு கேள்வி. ரொக்கம் கையில் இருந்தால் தீர்வது கண்ணுக்குத் தெரியும். அதுதான் அதன் பலம். ஆனால் விடுதியில் திருட்டுப் பயம் உண்டு. தேநீர்க் கடையில்கூடச் சில்லறை இல்லை, ஸ்கேன் செய்யுங்கள் என்கிறார்கள். ஏடிஎம்மில் வாரம் ஒருமுறை எடுப்பதாக இருந்தால் சொந்த வங்கியின் எந்திரத்தில் மாதம் ஐந்து முறை இலவசம். அதற்கு மேல் 2025 மே முதல் ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாய் வரை பிடிக்கலாம். பிற வங்கி எந்திரம் என்றால் சென்னை போன்ற பெருநகரத்தில் மூன்று முறைதான் இலவசம், கோவையில் ஐந்து.

யுபிஐயில் இருக்கும் ஆபத்து, பணம் போவது உறைக்காது. அதற்கு என் மகள் கண்டுபிடித்த வழியை மற்ற பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். யுபிஐ லைட் என்ற வசதி இருக்கிறது. வங்கிக் கணக்கிலிருந்து ஒரு தொகையைச் செல்போனுக்குள்ளேயே தனிப் பையில் போடுவதுபோல் எடுத்து வைத்துக்கொண்டு, ரகசிய எண் இல்லாமல் சிறு தொகைகளைச் செலுத்தலாம். 2024 டிசம்பரில் இதன் வரம்பை ஒரு பரிவர்த்தனைக்கு 1,000 ரூபாய், மொத்த இருப்பு 5,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள். அவள் திங்கள்கிழமை 600-ல் 500-ஐ இதில் போட்டுவிடுகிறாள். அந்த எண் இறங்குவது பர்ஸில் நோட்டுக் குறைவதுபோல் தெரிகிறது. தானாக நிரப்பிக்கொள்ளும் வசதியை மட்டும் நிறுத்தி வைக்க வேண்டும். அது ஓடிக்கொண்டிருந்தால் பையில் அடி இல்லாததுபோல் ஆகிவிடும். இன்னொரு நன்மையும் இருக்கிறது. வங்கிக் கணக்குப் புத்தகத்தில் 500 ரூபாய் லைட்டுக்குப் போனது என்று ஒரு வரிதான் வரும். எந்தக் கடையில் எவ்வளவு என்பது வராது. பெற்றோர் பார்வையில் அது குறையாகத் தெரியலாம். எனக்கு நிறையாகத் தெரிகிறது. பதினெட்டு வயதுப் பெண் எந்தக் கடையில் எத்தனை மணிக்குப் பழரசம் குடித்தாள் என்பது எனக்குத் தெரிய வேண்டியதில்லை.

இதனால்தான் யுபிஐ சர்க்கிள் என்ற வசதியைக் கல்லூரிப் பிள்ளைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். 2024 ஆகஸ்டில் வந்தது. பெற்றோரின் கணக்கிலிருந்தே பிள்ளை பணம் செலுத்தலாம். ஒரு வகையில் பெற்றோர் ஒவ்வொரு முறையும் தன் ரகசிய எண்ணைப் போட்டு அனுமதிக்க வேண்டும். இன்னொரு வகையில் மாதத்துக்கு 15,000 ரூபாய்க்குள் ஒரு வரம்பு வைத்துவிட்டு விட்டுவிடலாம். முதல் வகையில் நான் வகுப்பில் இருக்கும்போது என் மகள் கடையில் வரிசையை மறித்துக்கொண்டு நிற்பாள். இரண்டாம் வகையில் தன் பணம் என்ற எண்ணமே பிள்ளைக்கு வராது. வயதான தாய் தந்தைக்கு மருந்து வாங்க இந்த வசதி அருமையானது, அங்கே பயன்படுத்துங்கள்.

பெற்றோரின் ஏடிஎம் கார்டையும் ரகசிய எண்ணையும் கொடுத்தனுப்புவது இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. வேண்டாம். ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது வங்கி விதி. ஏதாவது ஆனால் வங்கி கைவிரித்துவிடும். பிள்ளை பேரிலேயே கணக்கு இருக்கட்டும். சேரும்போது பிள்ளைக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லையென்றால், ஏற்கெனவே உள்ள சிறார் கணக்கிலேயே தொடரலாம்; பதினெட்டு முடிந்ததும் வங்கிக் கிளைக்குப் போய்ப் புதுக் கையொப்பமும் அடையாளச் சான்றுகளும் கொடுக்க வேண்டும். அதை விடுமுறையில் ஊருக்கு வரும்போதே முடித்துவிட்டால் பருவத்தின் நடுவே கணக்கு முடங்காது.

எந்த முறையானாலும் ஒரு 500 ரூபாய் நோட்டு தனியே இருக்கட்டும். மகளுடையது மருந்து டப்பாவுக்குள் பாராசிட்டமால் அட்டையின் அடியில் மடித்து வைத்தது. இரவில் செல்போன் அணைந்துபோய் ஆட்டோவில் விடுதிக்குத் திரும்ப வேண்டிய ஒரு நாளுக்காக அது. இதுவரை அதை அவள் தொடவில்லை.

கணக்குக் கேட்பதா

வாரத் தொகைக்கு நாங்கள் கணக்குக் கேட்பதில்லை. என் கணவருக்கு இதில் முதலில் உடன்பாடில்லை. அச்சகத்தில் தாள் ஒவ்வொன்றுக்கும் கணக்கு எழுதுகிறவர் அவர். எழுதச் சொன்னால் எழுதுவாள், ஆனால் நமக்குப் பிடிக்கும்படி எழுதுவாள் என்று நான் சொன்னேன். மகன் முதலாண்டில் எனக்கு அனுப்பிய கணக்கில் ஜெராக்ஸ் எப்போதும் அதிகமாக இருந்ததை அவரும் பார்த்திருக்கிறார்.

மொத்தச் செலவில் பெரிய மிச்சம் எதுவும் ஆகிவிடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். மகளின் முதல் பருவத்தில் இருபது வாரத்துக்கு 12,000 ரூபாய், வீட்டுக் கணக்கில் டிக்கெட், ரீசார்ஜ், மருந்து, படிப்புப் பொருட்கள் சேர்த்து 7,000. ஆக 19,000. மகனுக்குப் போன 22,400-க்கு அது மூவாயிரம் சொச்சம்தான் குறைவு. நடுவில் மூன்று ஆண்டு விலையேற்றமும் இருக்கிறது. ஆனால் முதல் மூன்று வாரம் கழிந்த பிறகு, பணம் கேட்டு ஒரு செய்திகூட அந்தப் பருவத்தில் அவளிடமிருந்து வரவில்லை. செல்போனில் அவள் பெயர் மின்னினால், அது பணத்துக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். எடுத்துப் பேசும்போது என் குரலே மாறியிருக்கிறது என்று அவள் அண்ணன் சொல்கிறான்.

டிசம்பர் விடுமுறைக்கு வந்தபோது வாரத் தொகை உண்டா இல்லையா என்று வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. சாப்பாடும் தேநீரும் வீட்டில் இருக்கும்போது எதற்கு என்றார் என் கணவர். அவளுக்கும் உள்ளூரில் தோழிகள் இருக்கிறார்கள், அவர்களைப் பார்க்கப் போகும்போது நம்மிடம் கை நீட்ட வேண்டுமா என்றேன் நான். மகள்தான் பாதி போதும் என்றாள். 300 ரூபாய் என்று வங்கி உத்தரவை மாற்றினோம். கல்லூரி திறக்கும் வாரத்தின் திங்கள்கிழமையிலிருந்து இரு வாரத்துக்கு ஒருமுறை 1,200 என்று அப்போதே அவள் எதிரிலேயே போட்டு வைத்தோம்.